உறங்காத பாசறையும் உறங்காத துறைமுகமும்



முல்லைப்பாட்டிலே ஓர் அரசன் உறக்கமின்றி இருக்கின்றான். பகைவர் நாட்டுக் காட்டிலே பாசறை. கார்காலத்து இரவு. நாழிகைக் கணக்கர் நேரத்தை அறிவிக்கிறார்கள். மெய்காப்பாளர் சுற்றி வருகிறார்கள். அரசன் ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மற்றக் கையால் தலையைத் தாங்கியபடி நெடுநேரம் நினைந்துகொண்டிருக்கிறான். என்னத்தை நினைக்கிறான்? வேல் பாய்ந்த நோவிலே தன் பிடிகளையே மறந்துபோன களிறுகளை நினைக்கிறான். வெட்டுண்ட துதிக்கை பாம்பு போலத் துடித்ததை நினைக்கிறான். உண்ட சோற்றுக்குக் கடன் கழித்து விழுந்துபோன வீரரை நினைக்கிறான். அம்பு தைத்த குதிரைகள் செவியைச் சாய்த்துக்கொண்டு தீனி தின்னாமல் நிற்பதை நினைக்கிறான்.

போரின் மீதுள்ள வேட்கையினால் அவன் கண் மூடவில்லை என்று நப்பூதனார் காரணம் கூறுகின்றார். அரசனைப் பாடுகிற புலவர் வேறெப்படிக் கூறுவார்? ஆனால் போரை விரும்புகிறவன் நாளைக்கு நடக்கப்போவதையல்லவா நினைக்க வேண்டும்? இவன் நடந்து முடிந்ததை நினைக்கிறான். அதையும் தொடக்கம் முடிவுள்ள ஒரு கதையாக நினைக்கவில்லை. துதிக்கை ஒன்று, செவி ஒன்று, மாலை ஒன்று எனத் துண்டு துண்டாக அவன் கண்முன்னே வருகின்றது. இன்றைய மனநல வைத்தியர் ஒருவரிடம் இந்த அடிகளைக் கொடுத்தால், அவர் பெரிதாக வியக்கமாட்டார் என்றே எண்ணுகின்றேன். தம்முடைய கிளினிக்கிலே வாரந்தோறும் கேட்கும் சங்கதி இது என்பார்.

கலிங்கத்துப்பரணியிலும் இந்த நோயின் சாயல் உண்டு. தோற்றோடிய கலிங்கர் தம் உடலின் நிழலைக் கண்டே வெருண்டார்கள் என்கிறார் சயங்கொண்டார். அங்கே அது நகைப்புக்குரிய பொருள். அரசனுடைய உறக்கமின்மைக்கு மரியாதையும், தோற்ற வீரனுடைய திடுக்கிடலுக்கு ஏளனமும் கிடைத்தன. இந்தப் பாகுபாடு இன்றைக்கும் ஒழிந்தபாடில்லை. மனவடுவை அறிவதற்கும் ஆற்றுவதற்கும் இதுவே பெரிய தடையாக நின்றிருக்கிறது. அதைத்தான் இன்றைய உரையிலே எங்கள் திருகோணமலையை முன்வைத்துப் பேச விரும்புகின்றேன்.

அதற்கு முன் ஒரு பாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது. போரிலே புண்பட்ட வீரனை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மனையிலே இரவமரத்துத் தழையையும் வேப்பந்தழையையும் செருகுகிறார்கள். யாழ் முதலான வாத்தியங்கள் ஒலிக்கின்றன. வெண்சிறு கடுகைத் தூவுகிறார்கள், ஆம்பற்குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள். வாருங்கள் தோழியரே, அவன் புண்ணைக் காப்போம் என்று ஒருத்தி அழைக்கின்றாள். பேய் அண்டாமல் காக்கும் சடங்கு இது என்பார்கள் உரைகாரர்கள். இருக்கட்டும். எனக்கு அந்தப் பாட்டிலே தெரிவது, ஓர் இரவு முழுவதும் அவனைத் தனியே விடாத பெண்களின் கூட்டம்.

இனி நவீன காலத்துக்கு வருவோம். மனவடு நோயின் வைத்திய வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலாம் உலக மகாயுத்தத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த வரலாற்றிலே எங்களுக்கு உறவான ஒரு கிளைக்கதை உண்டு; நம்மவர்கள் அதை அதிகம் பேசியதில்லை.

1898ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள ரொறஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. அக்குழுவில் றிவர்ஸ், மையர்ஸ், மக்டூகல், செலிக்மன் ஆகிய நால்வரும் இருந்தார்கள். பின்னர் றிவர்ஸ் 1901-02இலே நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906இலே அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். செலிக்மன் தன் மனைவி பிறெண்டாவுடன் 1907-08இலே இலங்கைக்கு வந்தார். அவ்விருவரும் வேடரைப் பற்றி எழுதிய நூல் 1911இலே வெளிவந்தது. கிழக்குக் கரையோரத்துத் தமிழ் பேசும் வேடரைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. அவர்களின் வழித்தோன்றல்கள் வாகரையிலும் வெருகல், மூதூர் கிழக்குப் பகுதிகளிலும் இன்றும் வாழ்கின்றார்கள்.

1914இலே யுத்தம் மூண்டது. பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவிலே பதுங்குகுழிகளில் மாதக்கணக்காகக் கிடந்த வீரர்கள் உடலிலே காயமில்லாமலே பேச்சிழந்தார்கள், நடக்க முடியாதவர்களானார்கள், கை நடுங்கினார்கள், இரவிலே அலறினார்கள். 1915இலே மையர்ஸ் 'லான்செற்' மருத்துவ இதழிலே இதனை 'ஷெல் அதிர்ச்சி' என்று எழுதினார். குண்டின் அதிர்வு நரம்பைத் தாக்கியதால் வந்த நோய் என்ற எண்ணத்தை அந்தப் பெயர் கொடுத்தது. குண்டு விழும் இடத்துக்கே போகாதவர்களுக்கும் அது வருகின்றது என்று தெரிந்தபோது, மேலதிகாரிகள் வேறு முடிவுக்கு வந்தார்கள்: இவர்கள் கோழைகள்! கோழைத்தனம், படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பிரித்தானியப் படையினர் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் நோயாளிகள் என்று இனி யாரால் எண்ணமுடியும்?

றிவர்ஸ் ஸ்கொட்லாந்திலே எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள கிறெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையிலே அதிகாரி நிலை வீரர்களுக்கு வைத்தியம் செய்தார். சீக்பிரீட் சசூன், வில்பிரட் ஓவன் என்ற இரு கவிஞர்களும் 1917இலே அங்கே நோயாளிகளாக இருந்தார்கள் என்பதை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். சசூனைக் கவனித்தவர் றிவர்ஸ். அக்காலத்திலே 'மறந்துவிடு, நல்ல காட்சிகளை நினை' என்பதே வைத்தியர்களின் பொதுவான அறிவுரை. மறக்க முயல்வதே நோயை வளர்க்கின்றது என்று றிவர்ஸ் கண்டார். பகலிலே அடக்கியது இரவிலே கனவாக வருகின்றது.

அவர் 1918இலே வெளியிட்ட கட்டுரையில் ஓர் அதிகாரியின் கதை வருகிறது. காணாமற்போன நண்பனைத் தேடிப்போன அவர், குண்டினால் சிதறிய அவனுடைய உடலைக் கண்டார். அன்றிலிருந்து இரவுதோறும் அதே உடல் கனவிலே வந்தது. றிவர்ஸ் அவரிடம் ஒன்றை எடுத்துக்காட்டினார்: உடல் அவ்வளவு சிதறியிருந்தது என்றால், நண்பன் நொடியிலே இறந்திருக்கிறான், நெடுநேரம் கிடந்து வதைபடவில்லை. சில நாட்களின் பின் மீண்டும் கனவு வந்தது. அதே உடல்தான், ஆனால் பழைய பயங்கரம் இல்லை. அதன் அருகிலே முழந்தாளிட்டு, உறவினருக்குக் கொடுப்பதற்காக நண்பனின் உடைமைகளை எடுத்துச் சேர்த்தாராம். நினைவு அழியவில்லை; அதனோடு இருக்கக்கூடிய ஒரு நிலை கிடைத்தது. வேறொரு வீரனுடைய நினைவிலே ஆறுதலான பக்கம் ஒன்றையுமே காணமுடியாமல் றிவர்ஸ் தோற்றுப்போனார் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்த நேர்மைக்காகவே அதனை நான் விரும்புகின்றேன்.

செலிக்மனும் அந்த யுத்தத்திலே படை வைத்தியராக இத்தகைய நோயாளிகளைப் பார்த்தவர். வேடர்களிடையே 'நெ யக்கு' என்ற சடங்கை அவர் பதிவு செய்திருக்கிறார். அண்மையிலே இறந்தவரின் ஆவிக்குப் படையல் வைப்பார்கள். ஆடுகிற பூசாரியின் மேல் அந்த ஆவி இறங்கும். படையலை ஏற்று, கரகரத்த குரலிலே உறவினரோடு பேசும். வேட்டையும் தேனும் கிடைக்கத் துணை நிற்பதாகச் சொல்லும். ஆவி வந்ததா என்பது வேறு விவாதம். இறந்தவனுக்கும் இருப்பவனுக்கும் இடையிலே பாதியிலே அறுந்த பேச்சு ஊரார் முன்னிலையில் ஒருமுறை பேசி முடிக்கப்படுகின்றது. றிவர்சின் நோயாளி கனவிலே செய்ததும் அதற்குத் தூரமான காரியமல்ல.

எங்கள் துறைமுகத்துக்கு யுத்தம் வானத்திலிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலை மேல் வந்தன. நான்கு நாட்களுக்கு முன்புதான், ஈஸ்ரர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியிருந்தார்கள். டொக்யாட்டும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. துறைமுகத்திலே நின்ற 'சகெய்ங்' என்ற கப்பல் பற்றியெரிந்தது. முதல் நாளே துறைமுகத்தைவிட்டு வெளியேறிய 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலிலே தேடிப்பிடித்து மூழ்கடித்தார்கள். அதிலே மட்டும் முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள்.

யுத்த வரலாற்று நூல்கள் கப்பல்களையும் விமானங்களையும் எண்ணுகின்றன. டொக்யாட்டில் வேலை செய்த கூலியாட்களின் இரவுகளை எண்ணியவர் இல்லை. எங்கள் அயலிலே அப்படி ஒருவர் இருந்தார். நான் சிறுவனாக இருந்த காலத்திலே அவருக்கு நாற்பது வயது கடந்திருக்கும். டொக்யாட் சங்கு ஊதினால், கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பார். சங்கு ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். நாங்கள் பிள்ளைகள் அவருக்குப் பின்னாலே நின்று வாயால் சங்கு ஊதிச் சிரிப்போம். சயங்கொண்டாரின் வாசகர்களல்லவா! ஒருநாள் என் பெரியப்பா அவரிடம், "என்ன அண்ணை, இன்னுமா பயம்?" என்று கேட்டார். "பயமில்லைத் தம்பி. அது வந்து போகுது. வந்தால் போகும்வரைக்கும் நிற்கத்தானே வேணும்" என்றார் அவர். பாடப்புத்தகம் எதுவும் இதைவிடத் தெளிவாக இந்த நோயை எனக்கு விளக்கியதில்லை.

அவருடைய நோய்க்குப் பெயர் கிடைக்க 1980ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரும் அவர்களோடு நின்ற சில வைத்தியர்களும் எழுப்பிய குரலின் விளைவாக, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அந்த ஆண்டு வெளியிட்ட நோய்க் கையேட்டிலே மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோய் என்ற பெயர் இடம்பெற்றது. பி.ரி.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தான நிகழ்வை அனுபவித்தவர் அல்லது கண்டவர் ஒருவருக்கு, நினைவு விரும்பாமலே கண்முன் திரும்பி வருதல், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், மனம் மரத்துப்போதல் அல்லது தன்னையே குற்றம் சொல்லுதல், எந்நேரமும் விழிப்பாகவும் திடுக்கிட்டபடியும் இருத்தல் என்பன ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அது இந்த நோய். சாதாரண நினைவு பழைய புகைப்படம் போல. பார்க்கும்போது அது பழையது என்று தெரியும். மனவடு நினைவு இப்போது நடப்பதுபோல வரும். உடம்பும் அதை நம்பிவிடும்: நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், கை குளிரும்.

பெயர் வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். நடந்ததுதான் நோய்க்குக் காரணம், நோயாளியின் பலவீனம் காரணமல்ல என்பதை வைத்திய உலகம் இந்தப் பெயரினால்தான் எழுத்திலே ஒப்புக்கொண்டது. அது சின்னக் காரியமல்ல. நம்மவர்க்குத் தமிழிலே இதை எடுத்துச் சொன்னவர் யாழ்ப்பாணத்து மனநல வைத்திய நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1993இலே வெளிவந்த அவருடைய 'மனவடு' என்ற நூல், ஷெல்லடியின் நடுவிலே வைத்தியம் செய்தவர் எழுதியது. ஆறின புண்ணிலும் வடு நிற்கும் என்பதால், எவருக்கும் விளங்கும் தலைப்பு.

ஆனால் 'பின்னான' என்ற சொல் எங்களை இடறிவிடுகிறது. எதற்குப் பின்? 1983இலே கொழும்பு எரிவதற்கு முன்பே திருகோணமலையிலே வீடுகள் எரிந்தன. 1985, 1987, 1990 என்று வன்செயலும் இடப்பெயர்வும் தொடர்ந்தன; படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் பலர். 1995 மே மாதம் கல்லராவ மீனவக் கிராமத்திலே சிங்கள மக்கள் கொல்லப்பட்டார்கள். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி குமாரபுரத்திலே தமிழ் மக்கள் 24 பேர் கொல்லப்பட்டார்கள்; இருபது ஆண்டுகளின் பின் அவ்வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையிலே ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு நடந்தார்கள். மூதூரிலேயே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களிலே ஒன்பது ஆண்டுகள் வரை கிடந்தார்கள். மூன்று இனத்தவரின் வீட்டிலும் விளக்கு அணைந்த மாவட்டம் இது.

இப்படியான இடத்திலே திடுக்கிடுதல் நோயா, அறிவா? சோதனைச்சாவடியைக் கண்டு நெஞ்சடிப்பது 2006இலே உயிரைக் காக்கும் குணம். அதே நெஞ்சடிப்பு சாவடி போய்ப் பத்து வருடமான பின்னும் அதே மூலையிலே வந்தால் அது நோய். வைத்தியத்தின் முதல் மருந்து பாதுகாப்பு என்று சோமசுந்தரம் போன்றவர்கள் திரும்பத் திரும்ப எழுதியது இதனாற்றான். தனிமனித வடுவைவிடச் சமூகத்தின் வடுவைப் பற்றியும் அவர் 2007இலே எழுதினார்: அயலை நம்பாமை, மௌனம், ஊர்க்காரியங்களிலிருந்து ஒதுங்குதல். இவை ஒருவருடைய மூளைக்குள்ளே மட்டும் இருக்கும் நோய்க்குறிகளல்ல.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலும் தன் பங்குக்கு வந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கிண்ணியா வைத்தியசாலையையே அலை அடித்துச் சென்றது. நோயைக் குணமாக்கும் இடமே வடுவாகியது. சில வாரங்களிலே வெளிநாட்டு ஆலோசகர்கள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கினார்கள். நல்லெண்ணத்துடன் வந்தவர்களே. ஆனால் முகாமுக்குள் நுழைந்து, மொழிபெயர்ப்பாளர் மூலமாக, சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நிற்கிறவளிடம் நடந்ததைச் சொல் என்று கேட்பது வைத்தியமாகாது. மக்களின் துயரத்தையெல்லாம் மனநோயாகச் சுருக்கிவிடவேண்டாம் என்று கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் அப்போதே வேண்டுகோள் விடுத்தார்கள். நிகழ்வு நடந்த உடனேயே ஒரே அமர்விலே எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை இந்த நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அந்த வேளைக்கு வேண்டியது கூரை, தண்ணீர், உறவினர் எங்கே என்ற செய்தி, அருகிலே அமைதியாக இருக்கும் ஓர் ஆள்.

இலங்கை மக்களின் துயரக் கதைகளை ஆராய்ந்த உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ ஒன்றைக் கவனித்தார். மேல்நாட்டார் தங்கள் உள்ளத்திலே நேர்ந்த மாற்றத்தை முதலிற் சொல்வார்கள். நம்மவர்கள் உறவிலும் கடமையிலும் நேர்ந்த முறிவை முதலிற் சொல்கிறார்கள்: பிள்ளைக்குச் சமைத்துக் கொடுக்க முடியவில்லை, நல்லது கெட்டதுக்குப் போக முடியவில்லை. கேள்விக்கொத்து முன்னதைக் கேட்கிறது. இவர்கள் பின்னதைச் சொல்கிறார்கள். யுத்தம் முடிந்த 2009இலே யாழ்ப்பாண மாவட்டத்திலே நடந்த கணக்கெடுப்பும் கவனிக்கத்தக்கது. மனவடு நோயின் அறிகுறிகள் நூற்றுக்கு 7 பேரிடம். மனச்சோர்வு 22 பேரிடம். பதகளிப்பு 32 பேருக்கு மேல். எல்லாத் துயரத்தையும் பி.ரி.எஸ்.டி. என்ற ஒரே பெட்டிக்குள் போடுகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் வைத்தியமே வேண்டாமா? அதுவும் தவறு. கடற்கோளின் பின் வடகிழக்கிலே ஒரு முகாமில் நடந்த சிறிய ஆய்வொன்று என் மனதில் நிற்கின்றது. யுத்தத்தையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்குத் தம் வாழ்க்கைக் கதையைப் பிறந்ததிலிருந்து ஒழுங்காகச் சொல்லும் முறையும், மறுபகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டும் ஆறு அமர்வுகள்தான். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூரவர்கள். ஆறு மாதத்தின் பின் கதை சொன்ன பிள்ளைகளில் நூற்றுக்கு 81 வீதமும், தியானம் செய்தவர்களில் 71 வீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஒன்றுமே செய்யாத மூன்றாம் குழு அந்த ஆய்விலே இல்லை. ஆகவே அளவுக்கு மீறி மகிழக்கூடாது. என்றாலும், பெரிய நகரத்து நிபுணர் இல்லாமலே இது நடக்கும் என்பது எங்கள் போன்ற மாவட்டத்துக்குப் பெரிய செய்தி.

அந்தக் கதை சொல்லும் முறையை யேர்மன் உளவியலாளர்கள் வகுத்தார்கள். நிலத்திலே ஒரு கயிற்றை நீட்டுவார்கள். அது உங்கள் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்திலே பூ, கெட்டது நடந்த இடத்திலே கல். பிறகு ஒவ்வோர் அமர்விலும் ஒரு கல்லின் அருகே நின்று, என்ன கண்டீர்கள், என்ன மணத்தது, உடம்பு என்ன செய்தது, இப்போது உடம்பு என்ன செய்கிறது என்று மெல்லமெல்லப் பேசுவார்கள். அன்று வேறு, இன்று வேறு என்பதை உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. துண்டுகளாகக் கிடந்தவை ஒரு கதையாகக் கோர்க்கப்படுகின்றன; முல்லைப்பாட்டு அரசனுக்குக் கிடைக்காத வசதி அது. கயிற்றின் மிச்சம் சுருளாகவே இருக்கும். வாழ்வதற்கு இன்னும் நாள் இருக்கின்றதல்லவா?

சோமசுந்தரம் மூச்சுப் பயிற்சியையும் சாந்தி ஆசனத்தையும் பயன்படுத்தினார். நோயாளி எந்தச் சமயத்தவரோ அந்தச் சமயத்தின் மந்திரச் சொல்லை மூச்சோடு சொல்லச் சொன்னார்: சைவருக்கு ஓம், முஸ்லிம்களுக்குத் திக்ர், கிறிஸ்தவருக்கு யேசுவின் நாமம், பௌத்தருக்குப் புத்தம் சரணம். மருந்துக்கும் இடமுண்டு. சேர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. சில வாரங்கள் பொறுக்கவேண்டும். பாமசியிலே கேட்டு வாங்கி வருடக்கணக்காக விழுங்கும் நித்திரைக் குளிசை இந்த நோயைக் குணமாக்காது, அடிமையாக்கும். கசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல வீடுகளிலே அதுதான் ஆண்களின் இரகசிய வைத்தியர், மனைவிமாருக்கு இரண்டாவது யுத்தம்.

ஊர் வைத்தியத்தை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நமது கிழவிகள் 'பயந்த கோளாறு' என்று சொல்லிப் பார்வை பார்ப்பார்கள், நூல் கட்டுவார்கள். முஸ்லிம் வீடுகளிலே தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். சிங்கள மக்களிடம் 'தனிகம் தோசம்' என்ற சொல் உண்டு. தனிமையிலே பயந்தவனைப் பேய் பிடிக்கும் என்பது கருத்து, அதற்கு ஊரைக் கூட்டி விடிய விடியத் தொவில் ஆடுவார்கள். நோயின் வேர் தனிமை என்று மூன்று சமூகமும் தனித்தனியே கண்டிருப்பது தற்செயலாக இருக்கமுடியாது. ஆனால் நூல் கட்டியும் ஆறு மாதமாகப் பிள்ளை உறங்காவிட்டால், அதைக் கிளினிக்கிற்குக் கூட்டிப்போவது அம்மனுக்குச் செய்யும் துரோகமல்ல.

எந்த முறையும் எளிதில் எட்டாத ஒரு துயரம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார். மட்டக்களப்புப் பகுதியிலே அம்மன் உரு வந்து சொல்லும் பெண்களிடம் தாய்மார் மகனைப் பற்றிக் கேட்டதை, மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் யுத்தகாலத்திலேயே பதிவு செய்தார். இருக்கிறானா, இல்லையா? உடல் இல்லை, ஆகவே எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை, திவசமும் இல்லை. நெ யக்குச் சடங்குக்கும் இறந்த நாள் தெரியவேண்டும். 2017இலிருந்து திருகோணமலையிலும் வீதியோரத்திலே படங்களை ஏந்தி அமர்ந்த அந்த அம்மாமாரிடம் கேள்விக்கொத்தை நீட்டினால், அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் ஆம் என்றே விடை வரும். அவர்கள் கேட்கிற மருந்து ஒரு விடை. அதைக் கொடுக்கவேண்டியவர் வைத்தியரல்லர்.

கடற்கோளின் பின், 2005இலே வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, கொழும்பு அங்கொடையை மட்டும் நம்பியிருந்த சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர வழிசெய்தது. அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிப் போன நாட்டிலே, வைத்தியசாலைக்குள் போவதற்கு இன்னும் பலர் கூசுகின்றார்கள். திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. பேசமட்டும் வேண்டுமென்றால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எடுக்கலாம். வீட்டிலே ஒருவர் சத்தம் கேட்டுச் சுவரோடு ஒட்டி நின்றால், ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. அது போகும்வரைக்கும் பக்கத்திலே நில்லுங்கள். பிறகு தேநீரைச் சூடாக்கிக் கொடுங்கள். அவர் பேச விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் இன்னொரு நாள் பார்க்கலாம்.

அடுத்த வாரம் மூதூருக்குப் போவோம். வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையைப் பற்றிப் பேச எண்ணியிருக்கின்றேன். கதையைக் கையிலே வைத்திருப்பவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.